புகையை வாசலில் நிறுத்தியவர்

லீமாவின் வெள்ளைச் சேலையில் முப்பத்தேழு கரும்புள்ளிகள் இருந்தன. கொடியில் கிடந்த சேலையைத் தலைப்பிலிருந்து தொடங்கி முழம் முழமாகப் பிடித்து எண்ணி முடித்தபோது ஜெபசீலனின் முகம் மலர்ந்தது. முந்தின நாள் அறுபத்திரண்டு.

"என்ன எண்ணுதிய?" அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள் லீமா.

"கொறைஞ்சிருக்கு. ஏகதேசம் பாதி."

"அது நான் ஞாயிற்றுக்கிழம கோயிலுக்கு உடுத்த வச்சிருந்த சேல."

"அதான் வெள்ளையாப் பாத்து எடுத்துப் போட்டேன். கலர்ச் சேலையில கரி தெரியாது."

இருபத்தொன்பது வருட இல்வாழ்க்கையில், எந்த இடத்தில் பேசாமல் உள்ளே போனால் அந்த மனுஷனுக்குப் பயம் வரும் என்று லீமாவுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போனாள். ஜெபசீலனுக்குப் பயம் வந்தது. ஆனால் உலையில் கரி இருந்தது. அதைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜெபசீலன் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பாய்லர் ஓட்டி ஓய்வுபெற்றவர். அது எண்ணெயில் எரியும் பாய்லர். மீட்டரைப் பார்ப்பதும் வால்வைத் திருப்புவதும்தான் வேலை. யாரோ வரைந்து யாரோ செய்ததை அவர் காவல் காத்தார். இதை இப்படி மாற்றினால் நல்லது என்று அவர் வாய் திறந்தபோதெல்லாம், "நீ வால்வப் பாருடே" என்பதே பதிலாக வந்தது. முப்பத்தொரு வருடமும் வால்வைப் பார்த்தார்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம் ஜூன் மாதம் செய்தித்தாளின் மூலையில் ஒரு அறிவிப்பு வந்தது. பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்று ஆகஸ்டில் ஒரு வாரக் கண்காட்சிக்காக நாகர்கோவிலுக்கு வருகிறது. அதன் புகையையும் கரிச்செலவையும் குறைக்க யோசனை இருந்தால் பொதுமக்கள் நேரில் வந்து சொல்லலாம்.

ஜெபசீலன் அதை மூன்று முறை படித்தார். பிறந்ததிலிருந்து முதல் முறையாக யாரோ அவரிடம் யோசனை கேட்டிருந்தார்கள்.

நீராவி எஞ்சினை அவர் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். உள்ளே எப்படி இருக்கும் என்பதற்கு மகளின் பழைய பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு பெட்டியில் கரி எரிகிறது. அந்தச் சூடும் புகையும் தண்ணீருக்குள் போகும் குழாய்கள் வழியாக ஓடித் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுப் புகைபோக்கியில் வெளியேறுகின்றன. அவ்வளவுதான் படம். அதைப் பார்த்து வீட்டுக்குப் பின்னால் ஒரு தார் டிரம்மில் உலையும், இன்னொரு டிரம்மில் தண்ணீரும், நடுவில் ஆறு குழாய்களுமாக ஒரு சின்ன எஞ்சின் வயிற்றைக் கட்டினார். கொல்லுப்பட்டறையிலிருந்து இரண்டு சாக்கு நிலக்கரி வந்தது. புகை எவ்வளவு என்று அளக்கக் கருவி இல்லை. லீமாவின் சேலை இருந்தது.

சேலையைக் காப்பாற்ற அவர் செய்த முதல் காரியம் புகைபோக்கியை எட்டடி உயர்த்தியது. அன்றைக்குச் சேலையில் நான்கே புள்ளிகள். ஜெபசீலன் நிமிர்ந்து நின்றார்.

மீதிப் புள்ளிகள் எங்கே போயின என்பதைச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தங்கப்பன் வந்தார். கையில் ஒரு ரப்பர் ஷீட். பாலை உறையவிட்டு உருட்டி அவர் முற்றத்தில் காயப்போட்டிருந்த எழுபது ஷீட்டிலும் அம்மை போட்டதுபோல் கருப்பு.

"ஓய், இது என்ன?"

"கரி."

"கரின்னு எனக்குத் தெரியாதா? இத எந்தக் கடைக்காரன் எடுப்பான்?"

"எப்படியும் பொறவு புகைப்புரையில போட்டுப் புகைக்கத்தானே செய்வீரு?"

"நான் புகைக்கதும் நீரு அசிங்கப்படுத்தியதும் ஒண்ணா?"

நியாயமான கேள்விதான். கரிக்குக் காற்று போதவில்லை, அதனால்தான் புகைகிறது என்று ஜெபசீலன் முடிவு செய்தார். கொல்லுப்பட்டறையில் கெஞ்சி ஒரு கைச்சுழற்றி ஊதுபொறி வாங்கிவந்து உலையின் அடியில் வைத்துச் சுற்றினார். புகை உண்மையிலேயே குறைந்தது. பதிலாகப் புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறந்தது. தீபாவளிப் பூச்சட்டிபோல் பார்க்க அழகாகவே இருந்தது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஓலைவேலி பற்றும்வரை.

வேலியில் பதினாறு அடி போயிற்று. தங்கப்பனும் ஜெபசீலனும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரோடு ஓடி ஓடி அணைத்தார்கள். அணைத்து முடித்துத் தங்கப்பன் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, வேலி இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இனி நான் இஞ்சதான் இருப்பேன். நீரு என்ன செய்யுதீருண்ணு பாத்துட்டே இருப்பேன்."

சொன்னபடியே செய்தார். காலையில் ரப்பர் வெட்டு முடிந்ததும் வந்து உட்காருவார். உச்சிக்குச் சாப்பிடப் போவார். திரும்ப வருவார். "இது வெளங்காது" என்று மணிக்கு ஒருமுறை சொல்வார்.

பொறி பறக்கக் கூடாதென்று ஜெபசீலன் அடுத்துக் காற்றை அடைத்தார். அது ஒரு சனிக்கிழமை மதியம். உலை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு மஞ்சளும் கருப்புமாக ஒரு புகையைக் கக்கத் தொடங்கியது. காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிழக்கே நூறடியில் சபைக் கட்டிடம். உள்ளே பெண்கள் கூட்டம். கூட்டத்தின் செயலாளர் லீமா. தொடக்க ஜெபமும் அவள்தான்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. நான்கைந்து பேர் அழத் தொடங்கியபோது, ஜெபம் இன்று நன்றாக அமைந்துவிட்டது என்றே லீமா நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது எதிரில் இருந்த ஆட்களைக் காணவில்லை. இருமல் மட்டும் கேட்டது. யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்திருந்தார்கள்.

சிவப்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி குதித்து இறங்கினார்.

"தீ எங்க?"

"தீ இல்ல சார்" என்றார் ஜெபசீலன். "அதான் பிரச்சன. தீ ஒழுங்கா இருந்தா புகை வராது."

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரை அடிக்கச் சொன்னார். ஒரு மாத உழைப்பு சேறாகி நின்றது. தங்கப்பன் நாற்காலியோடு நனைந்தார்.

"இந்த மாசத்துக்குள்ள இதப் பிரிச்சு எடுத்திரணும். இல்லண்ணா எழுதி மேல அனுப்புவேன்" என்று கோபமாகச் சொல்லிவிட்டு அதிகாரி விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். லீமா குறுக்கே போய் நின்றாள். அவளுக்கு வெட்கத்தில் காது சிவந்திருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வந்த ஆள்.

"வந்த உடனே அப்படிப் போனா எப்படி சார்? ஒரு கட்டன் குடிச்சிட்டுப் போங்க."

அதிகாரி வேண்டாமென்றார். லீமா நகரவில்லை. அவர் திரும்பி வந்து தின்பண்டத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். பால் சேர்க்காத சூடான டீயைக் குடித்தார். அச்சப்பத்தை ஒடித்துத் தின்றார். இரண்டாவது அச்சப்பத்தில் தன் மாமனாருக்கும் இப்படி ஒரு கிறுக்கு உண்டு என்று சொல்லிச் சிரித்தார். போகும்போது ஜெபசீலனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜெபசீலன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லீமா, நீ செஞ்சது கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு."

"நீங்க பேசாதிய."

"இல்ல, கேளு. அந்த ஆளு தீயாட்டுப் போனாரு. நீ வாசல்ல மறிச்சு, திருப்பி உள்ள கொண்டாந்து, கொஞ்ச நேரம் இருத்தின. உள்ள இருந்ததெல்லாம் எரிஞ்சு தீந்து, பச்சப்பிள்ளையாட்டு வெளிய போனாரு. புகைங்கதும் அதுதான். எரியாத கரி. உலையில இருந்து நேரே குழாய்க்குள்ள ஓடிப்போவுது. அத வாசல்ல மறிக்கணும்."

"எனக்குச் சபையில மொகம் காட்ட முடியாது" என்றாள் லீமா.

"காட்டலாம்" என்றார் ஜெபசீலன்.

தொழிற்சாலையின் பழைய இரும்புக் குப்பையோடு கிடந்த தீச்செங்கற்களைக் கேட்டு வாங்கிவந்தார். குழாய்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழிருந்து, தீக்கு மேலாக, உலையின் கதவைப் பார்த்துச் சாய்வாக ஏறிவரும்படி ஒரு செங்கல் வளைவைக் கட்டினார். புகை இனி நேராகக் குழாய்க்குள் ஓட முடியாது. வளைவில் முட்டி, கதவுப் பக்கம் திரும்பி வந்து, தீயின் மேலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும். முதல் வளைவு சரிந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது நின்றது, ஆனால் தாழ்ந்து போய்த் தீயை மூச்சுமுட்டவைத்தது. நான்காவதைக் கட்டும்போது கதவுக்கு உட்புறம் ஒரு தகரத்தை நாக்குப்போல் வளைத்து வைத்தார். உள்ளே வரும் காற்றைத் தீயின் மேல் கவிழ்த்துவிட.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. பற்றவைத்தார். கொஞ்ச நேரம் வழக்கமான புகை. செங்கல் சிவக்கச் சிவக்கப் புகை மெலிந்தது. பிறகு காணவில்லை.

"தீ அணைஞ்சு போச்சு வோய்" என்றார் தங்கப்பன் நாற்காலியிலிருந்து.

ஜெபசீலன் டிரம்மைக் கைகாட்டினார். தங்கப்பன் எழுந்துவந்து டிரம்மின் மேல் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டு விரலை வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் டிரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார். நீல வானம்தான் இருந்தது.

அப்போது லீமா வெளியே வந்தாள். கையில் துவைத்த வெள்ளைச் சேலை. யாரும் கேட்காமலே கொண்டுபோய்க் கொடியில் விரித்துப் போட்டாள். சாயங்காலம் அவளே எண்ணினாள். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. இன்னொரு முறை தலைப்பிலிருந்து பார்த்தாள். பிறகு அதை மடித்து, "நாகர்கோவிலுக்கு என்னைக்குப் போணும்?" என்று கேட்டாள்.

ஆகஸ்டில், கண்காட்சியின் இரண்டாம் நாள், மூன்று பேர் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறினார்கள். சலவைச் சட்டையில், சுருட்டிய வரைபடத்தோடு ஜெபசீலன். அந்த வெள்ளைச் சேலையில் லீமா. அழைக்காமலே வந்த தங்கப்பன். அவர் கக்கத்தில் செய்தித்தாளில் பொதிந்த, கரும்புள்ளி விழுந்த ஒரு ரப்பர் ஷீட் இருந்தது.

"ரயில் அதிகாரிகிட்ட எனக்கும் சொல்லதுக்கு உண்டு" என்றார். "ஆராய்ச்சிண்ணு சொல்லி ஊருக்குள்ள என்ன நடந்துதுண்ணு அவங்களும் அறியண்டாமா?"

கருப்பாக, பளபளவென்று, வீட்டளவு உயரத்தில் எஞ்சின் நின்றது. இங்கிலாந்தில் செய்தது என்று பலகையில் எழுதியிருந்தது. பொறுப்பில் இருந்தவள் ரெனிஷா என்ற இளம் பொறியாளர். ஜெபசீலன் வரைபடத்தை மேசையில் விரித்தார். தொண்டையைச் செருமினார். முப்பத்தொரு வருடம் உள்ளே கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. புகை ஏன் வருகிறது, அது ஏன் நஷ்டம், வளைவு எங்கே தொடங்கவேண்டும், எவ்வளவு சாயவேண்டும், கதவில் தகரம் எதற்கு.

ரெனிஷா இருபத்தைந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கேள்விகள் கேட்டாள். முதல் இரண்டு வளைவுகளும் ஏன் விழுந்தன என்று கேட்டாள். அவர் சொன்னார். கடைசி வளைவின் சாய்வு என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் ஏறிக்கொண்டே வந்தது. லீமா அதைக் கவனித்தாள். லீமாவின் தலை தானாக நிமிர்ந்தது.

"சார், நீங்க இதுக்கு முன்ன ஒரு எஞ்சினுக்க உள்ள பாத்திருக்கியளா?"

"இல்ல மக்கா. புஸ்தகத்துல படம் மட்டும்தான்."

ரெனிஷா வரைபடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து அவர்களை எஞ்சினில் ஏற்றினாள். கரி போடும் கிருஷ்ணமணி அங்கே உலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கதவத் திறங்க. டார்ச்சும் அடிங்க."

கிருஷ்ணமணி திறந்தார். ஜெபசீலன் குனிந்து பார்த்தார்.

உள்ளே, குழாய்களுக்குக் கீழிருந்து கதவைப் பார்த்துச் சாய்வாக ஏறி வந்தது ஒரு செங்கல் வளைவு. கதவுக்கு உட்புறம் நாக்குப்போல் ஒரு இரும்புத் தகடு கவிழ்ந்திருந்தது.

"இது எப்பமே உண்டு சார்" என்றாள் ரெனிஷா மெதுவாக. "கரி எரியுற எஞ்சின்ல ஏகதேசம் நூத்தம்பது வருசமா இப்படித்தான். பள்ளிக்கூடப் படத்துல இதையெல்லாம் வரையமாட்டாங்க."

ஜெபசீலன் குனிந்தபடியே இருந்தார். டார்ச் வெளிச்சம் வளைவின் மேல் நின்றது. லீமா அவருடைய சட்டையின் பின்பக்கத்தைச் சும்மா இழுத்துச் சரிசெய்தாள். கிருஷ்ணமணி வேறு பக்கம் பார்த்தார். ஜெபசீலன் நிமிர்ந்து, கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

தங்கப்பன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முழங்காலிட்டு உலைக்குள் பார்த்தார். ஜெபசீலனின் கையிலிருந்த வரைபடத்தைப் பிடுங்கி விரித்து அதையும் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். ஒவ்வொரு செங்கல்லாகச் சரிபார்ப்பவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

"இத வெள்ளக்காரனா செஞ்சான்?" என்று ரெனிஷாவிடம் கேட்டார்.

"ஆமா."

தங்கப்பன் எழுந்து, முழங்காலில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டு, ஜெபசீலனின் தோளில் கையைப் போட்டார்.

"கொள்ளாம் வோய். உம்மகிட்ட ஒரு வார்த்த கேக்காமலே அவன் சரியாச் செஞ்சிருக்கான்."