இதயத்தில் அடைக்கும் மாத்திரை

படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலே ஊரில் பாதி நோய் குறையும். நான் மூடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றம் என்னுடையது மட்டுமா? 'அடைப்பு' என்ற சொல்லுக்கு அதில் பங்கே கிடையாதா? இதைக் கேட்டால் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் காது கேட்பதில்லை.

2008-ம் வருஷம். உயிர்வேதியியல் எம்.எஸ்சி. முடித்த கையோடு கருங்கல் என்ற ஊரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். (அம்மாவின் அண்ணன். சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம்.) காலையில் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கப் போனார். அட்டையைப் பார்த்தேன். பீட்டா பிளாக்கர்! பரீட்சையில் மூன்று பக்கம் எழுதிய சங்கதி. சும்மா இருக்க முடியுமா?

"மாமா, இது என்ன செய்யும்னு தெரியுமா?"

"டாக்டர் தந்தாரு, திங்கேன். வேற என்ன?"

"இதயத்துல செல்லுக்க மேல சாவி ஓட்டை மாதிரி ரிசப்டர் இருக்கு. அட்ரினலின் வந்து அதுல நுழைஞ்சா நெஞ்சு வேகமா அடிக்கும். இந்த மாத்திரை முந்திப் போயி அத அடைச்சிரும்."

மாமாவின் கை நின்றது. "எங்க அடைக்கும்?"

"இதயத்துல."

"இதயத்துலயா?"

"பின்னே! நல்லா அடைச்சிரும்." (அடி மூதேவி, அந்த முகத்தைப் பார்த்தாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?)

சந்தையில் மாமாவின் பக்கத்துக் கடைக்காரர் இதயத்தில் அடைப்பு வந்து செத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை என்று எனக்கு யாராவது சொன்னார்களா? இல்லை. மாமா அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்தியதையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, வேர்த்துக் கொட்டி, கிழங்குக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாமி வழியெல்லாம் ஜெபமாலை சொன்னார்.

"மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" டாக்டர் கத்தினார்.

மாமா படுத்தபடியே என் பக்கம் விரலை நீட்டினார். "இவதான். இதயத்துல அடைக்கும்னு சொன்னா."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை! ரிசப்டரை அடைத்தே வைத்திருந்தால் செல் இன்னும் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும், மாத்திரையைச் சட்டென்று விட்டால் எல்லாம் சேர்ந்து ஆடும் என்று எனக்கே பாடம் எடுத்தார். அதையும் நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், சார்! பிறகு மாமாவிடம் திரும்பி, "இது படபடப்பக் கொறைக்குத மாத்திரை, கேட்டீரா?" என்றார்.

"இப்பிடிச் சொன்னா மனசிலாவுமே!" என்றார் மாமா. என் இரண்டு வருஷப் படிப்பு நாலு வார்த்தையில் முடிந்துபோனது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மாமா சுகமாக இருக்கிறார். நான் இப்போது கல்லூரியில் ரிசப்டர் பாடம்தான் எடுக்கிறேன்; பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். ஆனால் கருங்கல் வீட்டில் காலையில் நான் வாயைத் திறந்தால் மாமா கையைக் காட்டி நிறுத்துவார். மாத்திரையை வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து, மீசையைத் துடைத்துக்கொள்வார்.

"உள்ள போயாச்சு. இனி பறை, மக்கா."