கம்ப்யூட்டர் இல்லாத இடி

இன்னும் கிட்ட வாங்க, கண்ணுகளா. இடி வாங்கக் கடைக்குப் போன ஒரு மாப்பிள்ளையின் கதை சொல்கிறேன்.

சாயங்காலம் நாடகம். மாப்பிள்ளையோ மத்தியானம் ஆகியும் கடையிலேயே நின்றுகொண்டிருந்தான். மாமனாரின் நாடகக் குழுவுக்கு அவன்தான் சத்தக்காரன். போன நாடகத்தில் அழுகைக் காட்சி நடுவில் லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஓடும் அவனுடைய லேப்டாப் பொசுக்கென்று ஊமையாகிப் போனது. லினக்ஸில் சத்தம் வராமல் போக ஆயிரம் காரணம் உண்டு. அவன் அத்தனையையும் நம்பினான்.

"மாப்பிள்ளை, இனி மேடைப் பக்கம் கம்ப்யூட்டர் கூடாது. இன்னைக்கும் சத்தம் நின்னுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த சாம்பிளர். சத்தங்களை வயிற்றில் வைத்துக்கொண்டு, மேலிருக்கும் ரப்பர் கட்டத்தைத் தட்டினால் தானாகவே கொட்டும் பெட்டி. ஆனால் சத்தத்தை உள்ளே ஏற்ற முதலில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே!

"இதுக்குக் கம்பெனி சாஃப்ட்வேர் போடணும் சார்" என்றாள் கடைக்காரப் பெண்.

"லினக்ஸ்ல ஓடுமா?"

"லினக்ஸா? அந்தக் கம்பெனி சரக்கு நாங்க விக்கிறதில்ல சார்."

அடுத்த பெட்டியைக் கையோடு கொண்டுவந்த லேப்டாப்பில் சொருகினான். லேப்டாப் அதை பிரிண்டர் என்றது.

மூன்றாவதற்கு மெமரி கார்டு போதும் என்றாள். கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

"கார்டை அப்படியே போடுங்களேன்" என்றாள் மனைவி.

"யாரோ குடுத்த கார்டு. சுத்தம் பண்ணாம எப்படிம்மா?"

லினக்ஸ் முறைப்படி துடைத்து, சத்தங்களை எல்லாம் லேப்டாப்பிலிருந்து அதற்கு நகர்த்தினான். பெட்டியோ கார்டே இல்லை என்று சாதித்தது. "உள்ளதானே இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று அதனிடம் சண்டை போட்டவன், கடைசியில் பெட்டி கேட்டபடி, கார்டை அதன் முறையிலேயே துடைக்கவிட்டான். பெட்டி கார்டை ஏற்றுக்கொண்டது. சத்தங்கள் போயே போய்விட்டன.

"வேற காப்பி இல்லையா?"

"காப்பி வெக்கத்தான் நல்ல ஹார்ட் டிஸ்க்கா தேடிட்டிருக்கேன்."

மாமனாரிடமிருந்து போன். எடுக்கவில்லை. பெட்டியிலேயே மைக் இருந்தது. அடுப்படித் தட்டை உதறி இடி பிடித்தான். அழுகைக்கு ஆள் வேண்டுமே என்று மனைவியைப் பார்த்தான்.

"உங்களைப் பார்த்தாலே வருது. பிடிங்க" என்று அவள் விசும்பினாள்.

மேடையில் இடி விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் துள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

அழுகைக் காட்சி. திரைக்குப் பின்னால், அவன் பக்கத்தில் நின்ற மாமனார் வசனத்தை முணுமுணுத்தபடி கண் கலங்கினார். மாப்பிள்ளை கட்டத்தைத் தட்டினான்.

சத்தமில்லை.

மறுபடி தட்டினான். பெட்டியில் விளக்கெல்லாம் ஒழுங்காகத்தான் எரிந்தது. மாமனார் மெல்லத் திரும்பினார். அவ்வளவுதான், வேலையும் போச்சு, மருமகன் என்ற மரியாதையும் போச்சு என்று நினைத்துக்கொண்டே இன்னும் ஓங்கித் தட்டினான்.

ஏணியிலிருந்து இறங்கி வந்த லைட்காரர் குனிந்து, மாமனாரின் கால் செருப்பில் சுற்றிக் கழன்று கிடந்த ஸ்பீக்கர் ஒயரை விடுவித்தார்.

"பெட்டி மேல தப்பில்ல தம்பி. இந்த சீன் வந்தா பெரியவர் உருகிப்போய் காலை உதைப்பாரு. போன தடவையும் இதே ஒயர், இதே காலுதான்."

உங்கள் வீட்டில் சொருகினது சொருகினபடி இருக்கட்டும், கண்ணுகளா. சிரிப்புச் சத்தம் ஒருநாளும் நிற்காமல் இருக்கட்டும்.