சொந்த ஊரில் விருந்தாளி

ஆட்டம் முடிந்ததற்கான சங்கு அலறியதும் அரங்கில் இருந்த ஊரே எழுந்து குதித்தது. கிளப் தலைவர் ஹானுஸ் மட்டும் பெஞ்சை விட்டு அசையாமல் ஸ்கோர் போர்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு, இருபத்தைந்து. ஜெயித்தது அவருடைய குழுதான்.

"தலைவருக்கு ஆனந்தத்துல பேச்சே வரல பாரு" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

பேச்சு வராதது உண்மை. ஆனந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஃபாரோ தீவுகளின் அந்தச் சின்ன ஊர்க் குழு பன்னிரண்டு வருஷமாக ஐரோப்பிய ஹேண்ட்பால் கோப்பைக்குப் போய் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றிலேயே உதை வாங்கி, மரியாதையாக வீடு திரும்பிவிடும். சூரியன் உதிப்பதை நம்புவதுபோல ஹானுஸ் அந்தத் தோல்வியை நம்பினார். நம்பி, இரண்டாம் சுற்று நடக்கிற அதே சனிக்கிழமையில் மகள் எல்ஸ்பாவுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். ஆடறுப்பு முடிந்து வீடுவீடாகக் கறி கொழிக்கிற வாரம் அது. அழைப்பு எழுநூறு பேருக்கு. அத்தனை பேர் கைகோத்து வளையம் வளையமாக விடியவிடிய ஆடுவதற்குத் தீவில் ஒரே இடம்தான் உண்டு. அது இந்த விளையாட்டு அரங்கம்.

அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தும்மஸ் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஹானுஸ், நாளைக்கும் ஜெயிச்சிட்டா அடுத்த சுத்து இங்கதான். கல்யாணத்தை எங்க வைக்கப்போற? உன் ஆட்டுக் கொட்டாய்லயா?"

"வேற ஊர்ல போய் ஆடச் சொல்லிட்டா போச்சு."

"சொல்லு. மாப்பிள்ளையும் அங்கதான் போவான். கோல்கீப்பர் இல்லாம ஆட்டம் நடக்காது, மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் நடக்காது. ரெண்டுக்கும் ஒரே ஆளு."

எல்ஸ்பா ஹானுஸுக்கு ஒரே மகள். அவள் பிறந்த அன்றிலிருந்து அந்தக் கல்யாணத்தை மனசுக்குள் நடத்தி நடத்திப் பார்த்து வைத்திருந்தவர் அவர். ஆனாலும் நம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை. சுற்றுக்கு இரண்டு ஆட்டம், ஒன்று நம் ஊரில், ஒன்று அவர்கள் ஊரில். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டித்தான் முடிவு. கல்யாண வேலைக்கு நடுவே மாசிடோனியா வரைக்கும் யார் போவது என்று, இரண்டு ஆட்டத்தையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என எதிரணித் தலைவர் ஸ்லாவ்சோவைச் சம்மதிக்க வைத்திருந்தார். ஆகவே நாளைக்கு இதே இடத்தில் இன்னொரு ஆட்டம். மாசிடோனியர்கள் மூடுபனியில் விமானம் இறங்க முடியாமல் அலைக்கழிந்து, தூக்கமில்லாமல் வந்து சேர்ந்ததால்தான் இன்று தோற்றார்கள். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் நம்மை நாலு கோலில் தோற்கடிப்பது அவர்களுக்குப் பெரிய காரியமா?

இருந்தாலும் தாம் ஒரு கை கொடுத்தால் நல்லது என்று தோன்றியது.

அன்று மாலை இரண்டு குழுவுக்கும் அவர் வீட்டில் விருந்து. விருந்தாளிகளுக்கு மெல்லிய மீன் சூப்பும் உருளைக்கிழங்கும் வைத்தார். தம் குழுவுக்கு, காற்றுக் கொட்டிலில் தொங்கிப் புளித்து, தெருமுனைவரை மணக்கும் ஆட்டுக்கறியைத் தொடை தொடையாக வைத்தார். அதைச் சாப்பிட்டவன் மறுநாள் மதியம்வரை மலைப்பாம்பாகச் சுருண்டு கிடப்பான் என்பது கணக்கு. அந்தக் கறியைத் தின்றே வளர்ந்த பையன்கள் அவர்கள் என்பதை அவர் மறந்துபோனார்.

எதிரணியின் பெரிய சூரர் பிளகோய் தட்டோடு எழுந்து வந்தார். வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள்.

"தலைவா, இது என்ன? எங்களுக்கு ஏன் இல்ல?"

"அது உங்களுக்கு ஒத்துக்காது தம்பி."

"நீங்க எங்களை அவமானப்படுத்துறீங்க" என்று சிரித்துக்கொண்டே பிளகோய் ஒரு தொடையை எடுத்தார். பிறகு இன்னொன்று. மற்றவர்களும் வந்தார்கள். கறி தீர்ந்தது, சூப் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

ஹானுஸ் மாப்பிள்ளை ரோயைத் தனியாக அடுப்படிக்கு அழைத்துப்போனார்.

"தோள் வலிக்குதா மாப்பிள்ளை? நாளைக்கு நீ ஓய்வெடு. ரெண்டாவது கீப்பரும் கொஞ்சம் ஆடட்டுமே."

"இல்ல மாமா. நாளைக்கு உசுரக் குடுத்தாவது ஜெயிக்கணும்."

"ஜெயிச்சா அந்தச் சனிக்கிழமை என்ன ஆகும்னு யோசிச்சியா?"

ரோய் தரையைப் பார்த்தான். "யோசிச்சேன் மாமா" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

ஹானுஸுக்குச் சுருக்கென்றது. யோசித்துவிட்டுமா ஜெயிக்கணும் என்கிறான்? பையனுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லையா? என் பெண்ணிடமிருந்து தப்பித்து ஓட ஹேண்ட்பாலா கிடைத்தது? அந்த எண்ணம் வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவருடைய குழப்பம் இன்னொரு சுற்றுப் பெருத்தது. வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தவரைத் தும்மஸ் எழுப்பினார்.

"இது வீட்டுக்காரங்க பெஞ்சு. நீ அந்தப் பக்கம் போ."

"நாமதானே வீட்டுக்காரங்க?"

"நேத்து. இன்னிக்கு அவங்க ஊரு ஆட்டம். அவங்க வீட்டுக்காரங்க, நாம வந்தவங்க."

"எங்கேருந்து வந்தோம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சம்மேளனத்து அம்மா சொன்னாங்க, நான் பெஞ்சை மாத்திப் போட்டேன்."

ஹேண்ட்பால் சம்மேளனத்திலிருந்து வந்திருந்த மேற்பார்வை அம்மாள் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏதோ சம்பிரதாயம் என்று ஹானுஸ் விட்டுவிட்டு எதிர்ப் பெஞ்சுக்குப் போனார். தம் ஊரில், தம் அரங்கில், தாம் முட்டி மோதி வாங்கிய பெஞ்சுகளுக்கு எதிரே ஒரு விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது விசித்திரமாகத்தான் இருந்தது.

ஆட்டம் அவர் மனம்போலவே தொடங்கியது. தூங்கி எழுந்த மாசிடோனியர்கள் வேறு மனிதர்களாக இருந்தார்கள். இடைவேளைக்குள் ஒன்பது கோல் முன்னால் போய்விட்டார்கள்.

ஹானுஸ் காப்பிக் கடைப் பக்கம் நடந்தார். எல்ஸ்பா அங்கே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, இரண்டு வாஃபிள் கருகியிருந்தது.

"கவலைப்படாதேம்மா. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"எங்கப்பா நடக்கப்போவுது" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, அந்தக் கல்யாண விஷயமா நான் உங்ககிட்ட ஒண்ணு…"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதை நான் பாத்துக்கறேன்" என்று தோளில் தட்டிவிட்டு நடந்தார். பெண் கல்யாணத்துக்காக எப்படித் தவிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒன்பது கோல் போதாது, மிச்சம் மீதி வைக்கக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார்.

பந்து கையில் ஒட்டுவதற்காக ஆட்டக்காரர்கள் விரலில் பிசின் தடவிக்கொள்வார்கள். தம் குழுவின் பிசின் டப்பா பெஞ்சுக்கடியில் இருந்தது. யாரும் பார்க்காதபோது அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வழுக்குகிற பந்தோடு இனி என்னத்தைக் கிழிப்பார்கள்?

இரண்டாம் பாதி தொடங்கியது. அவருடைய குழு பந்தைப் பாய்ச்சிப் பாய்ச்சிக் கொடுத்தது. முதல் பாதியில் விரலை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த பந்து, இப்போது கையிலிருந்து கைக்குத் தாவியது. வரிசையாக நாலு கோல்.

"என்ன ஆச்சு இவனுங்களுக்கு?" என்று தும்மஸிடம் கேட்டார்.

"பிசின் டப்பாவ யாரோ தூக்கிட்டாங்களாம். மகராசன், நல்லா இருக்கட்டும்" என்றார் தும்மஸ். "தரை பாழாகுதுன்னு வருஷம் பூரா நான்தான் இவனுங்களப் பிசின் தொடவிடறதில்லையே. வெறுங்கையில ஆடித்தான் இவனுங்களுக்குப் பழக்கம். ஐரோப்பான்னதும் பெரிய மனுஷனாட்டம் தடவிக்கிட்டு வந்து நிக்கிறானுங்க. இப்பத்தான் ஒழுங்கா ஆடுறானுங்க."

ஹானுஸின் கோட்டுப் பை கனத்தது. டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம் என்று கையை விட்டால், மூடி திறந்துபோய் விரல் ஐந்தும் பையோடு ஒட்டிக்கொண்டன.

அதே நேரத்தில் பிளகோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்தை விட்டு ஓடினார். சற்றுப் பொறுத்து இன்னொருவர். கழிவறை வாசலில் மாசிடோனியாவின் தாக்குதல் வரிசை முழுதும் வரிசையாக நின்றது.

ஸ்லாவ்சோ எதிர்ப் பெஞ்சிலிருந்து கத்தினார். "ஹானுஸ், நேத்து என்ன கறி அது?"

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே" என்றார் ஹானுஸ். அழுகை வராத குறை.

ரோயோ பேய் பிடித்தவன்போல ஆடினான். காலால் தடுத்தான், முகத்தால் தடுத்தான், ஒரு பந்தை முதுகால் தடுத்தான். ஒவ்வொரு முறையும் எழுந்து காப்பிக் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். குற்ற உணர்ச்சி, வேறென்ன, என்று ஹானுஸ் பல்லைக் கடித்தார்.

கடைசியில் இருபத்தொன்பதுக்கு இருபத்தைந்து. ஹானுஸின் குழு நாலு கோல் பின்தங்கியிருந்தது. நேற்றைய மூன்றைக் கழித்தால் மொத்தத்தில் ஒரே ஒரு கோல் குறைவு. சங்கு ஊதியது. ஹானுஸ் மூச்சு விட்டார். ஆனால் சங்குக்குச் சற்று முன்பே நடுவர் கையை உயர்த்திவிட்டிருந்தார். யாரோ யாரையோ பிடித்துத் தள்ளியதற்கு ஹானுஸின் குழுவுக்கு ஏழு மீட்டர் பெனால்டி. நேரம் முடிந்துவிட்டது, அந்த ஒரு எறி மட்டும் பாக்கி.

பயிற்சியாளர் ஆர்னி வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். வழக்கமாகப் பெனால்டி போடுகிற பையன் விரல் பிசகி ஐஸ் வைத்திருந்தான்.

"தலைவரே, யாரப் போடச் சொல்றது? இது போனா எல்லாம் போச்சு."

ஹானுஸ் மனதுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டார். கோல் விழுந்தாலும் மொத்தத்தில் இரண்டு பேரும் ஐம்பத்து நாலு, சமம். சமமானால், வெளியூரில் போய் யார் அதிகம் கோல் போட்டார்களோ அவர்களுக்கு வெற்றி. இரண்டு ஆட்டமும் நம் ஊர், வெளியூர்க்காரர்கள் அவர்கள்தான். ஆகவே கோல் விழுந்தாலும் நல்லது, விழாவிட்டால் இன்னும் நல்லது. ஒட்டாத கையால் ரோயைச் சுட்டிக்காட்டினார்.

"அவன் போடட்டும்."

"கீப்பரா? அவன் வாழ்க்கையில ஒரு பெனால்டி போட்டதில்லையே."

"பாம்பின் கால் பாம்பறியும். கீப்பர் எங்க பாய்வான்னு கீப்பருக்குத்தான் தெரியும்."

ஆர்னி அசந்துபோனார். ரோய் கீப்பர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றான், காப்பிக் கடையைப் பார்த்தான், வீசினான். எதிரணி கீப்பர் இடது பக்கம் பாய, பந்து வலது மூலையில் போய் விழுந்தது.

ஊர் கூரையைப் பிய்த்தது. ஹானுஸ் மட்டும் நிதானமாக எழுந்து எதிர்ப் பெஞ்சுக்கு நடந்து, ஸ்லாவ்சோவை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டார்.

"வாழ்த்துகள். அடுத்த சுத்துக்கு நல்லபடியா போயிட்டு வாங்க."

"நாங்களா?" என்றார் ஸ்லாவ்சோ. "எங்க?"

மேற்பார்வை அம்மாள் வந்து ஹானுஸின் கையைக் குலுக்க முயன்றார். கை பையை விட்டு வரவில்லை.

"உங்களுக்குத்தாங்க வாழ்த்துச் சொல்லணும். அவங்க நேத்து விருந்தாளியா வந்து போட்டது இருபத்தஞ்சு. நீங்க இன்னிக்கு விருந்தாளியா வந்து போட்டது இருபத்தாறு. ஒரு கோல் அதிகம்."

"நான் எங்கேயும் வரலைங்க. என் வீடு அந்தத் தெருமுனையில இருக்கு."

"இருக்கட்டும். இன்னிக்கு நீங்க வெளியூரு. ரெண்டையும் இங்க வைக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

ஹானுஸை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். ஊர் கைகோத்து அவரைச் சுற்றி ஆடத் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து அவர் பெண் கல்யாணத்தில் ஆட வேண்டிய ஆட்டம் அது. அவர் கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. இப்படி ஒரு தலைவர் கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஒருவழியாக இறங்கி, காப்பிக் கடைக்கு வந்து சேர்ந்தார். எல்ஸ்பா இருந்தாள். தோளில் ஐஸ் மூட்டையோடு ரோயும் இருந்தான். இனி மறைத்து என்ன பயன்?

"எல்ஸ்பா, என்னை மன்னிச்சிடும்மா. உன் கல்யாணத்தைக் காப்பாத்தணும்னுதான் எல்லாம் பண்ணினேன். கறி போட்டது நான். பிசின் எடுத்தது நான். இவனைப் பெனால்டி போடச் சொன்னதும் நான்தான். ஒவ்வொண்ணும் நாம தோக்கணும்னு பண்ணினது. எல்லாம் தலைகீழாப் போச்சு." பிறகு ரோயின் பக்கம் திரும்பினார். "நீ என் பொண்ணு வேண்டாம்னா நேரா சொல்லியிருக்கலாமேடா."

ரோய் எல்ஸ்பாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் ஒட்டிக்கொண்ட பையைப் பார்த்தாள், வழிகிற கண்ணைப் பார்த்தாள், பிறகு ரோயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுநூறு பேர் வேண்டாம், பாதிரியார் முன்னாடி நாலு பேர் போதும், அப்பா காதுல இது ஏறாது, நீ ஜெயிச்சாத்தான் தப்பிக்கலாம்னு உன்ன ரெண்டு நாளா பாடாப் படுத்தினேனே ரோய்," என்றாள் எல்ஸ்பா, "பாவம், உன்னவிட அதிகமா அப்பாதான் பாடுபட்டிருக்காரு."