பெங்களூருக்குப் போனவர்கள்

தருமபுரி மாவட்டத்திலேயே அதிக உயிர்களைக் காப்பாற்றியவர் யார் என்று யாராவது கேட்டால், மருத்துவக் கல்லூரிப் பக்கம் கையைக் காட்டாதீர்கள். கம்பைநல்லூர் பக்கம் எங்கள் கிளை நூலகத்துக்கு வாருங்கள். புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்து ஓய்ந்துபோன ஒரு மனிதரைக் காட்டுகிறேன். ராஜா, ராணி, கலெக்டர், கள்ளன், கல்யாணப் பெண், கைக்குழந்தை என்று அவர் பிழைக்க வைக்காத ஆளே கிடையாது. அத்தனை பேரும் கதைப் புத்தகத்து ஆட்கள் என்பதால் அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நூலகத்தில் அவருக்கு இன்சூரன்ஸ் என்று பெயர். போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்து நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வைத்தது. ஏன் வைத்தார்கள் என்பதற்கு அவர் உறுப்பினராகச் சேர்ந்த அன்று நடந்ததே போதும். நான்தான் அங்கே நூலகர். ஒரு நாவலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அதை உள்ளங்கையில் வைத்து ரெண்டு முறை ஏற்றி இறக்கினார்.

"மேடம், இதுல உயிருக்கு ஏதாச்சும் ஆபத்து இருக்குங்களா?"

கரையான் மருந்து அடித்ததைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் அடிச்சு ரொம்ப நாளாச்சுங்க. படிச்சிட்டுக் கையைக் கழுவிக்கோங்க, போதும்."

"அது இல்லீங்க. கதையில யாராச்சும் செத்துக்கித்துப் போவாங்களான்னு கேட்டேன்."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீங்க படிக்கலீங்களா?"

மனிதர் சாதாரணமாகத்தான் கேட்டார். பின்னால் பிள்ளைகள் சிரித்ததில்தான் எனக்குச் சுருக்கென்றது. நூலகர் என்றால் உள்ளே இருக்கும் எல்லாப் புத்தகத்தையும் படித்திருப்பார் என்று ஊர் நம்புகிறது. பாத்திரக் கடைக்காரர் எல்லாப் பாத்திரத்திலும் சமைத்துப் பார்த்துவிட்டா விற்கிறார்?

அன்றிலிருந்து எனக்குத் தினமும் விசாரணைதான். கையில் எடுத்ததுமே எடை பார்ப்பார். மண்டிப் பழக்கம். "கனமா இருக்குதுங்க. குடும்பம் பெருசா இருக்கும். ஆள் சேதம் ஜாஸ்தி" என்று திரும்ப வைத்துவிடுவார். மெலிந்த புத்தகம் கிடைத்தால் முகம் மலரும். "இத்தினூண்டு கதையில சாவறதுக்கு எடம் ஏதுங்க" என்பார்.

ஒருமுறை, அட்டையில் மல்லிகைப் பூவும் குழந்தையும் போட்டிருந்த குடும்ப நாவலை நம்பிக் கொடுத்தேன். மறுநாள் நான் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"பெரியம்மா போயிட்டாங்க மேடம்."

எனக்குப் பகீரென்றது. "அடடா, எப்பங்க? எடுத்தாச்சுங்களா?"

"எடுக்கறதாவது. பாதிக் கதையிலயே மாடிப்படியில உருண்டுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அந்தக் கிழவியை நானே பிடித்துத் தள்ளியதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து தப்பிக்கத்தான் சமூகவியல் அலமாரியைக் காட்டினேன். பரீட்சைக்குப் பிள்ளைகள் தொடுவதோடு சரி, மற்றபடி பல்லிதான் குடித்தனம் நடத்தும். வாரச் சந்தைகளைப் பற்றி ஒரு ஆய்வு, ஏரிகள் யார் பொறுப்பில் இருந்தன என்று ஒன்று, சீர்வரிசை பற்றி ஒன்று. இதைப் படித்துவிட்டு மனிதர் இந்தப் பக்கமே வரமாட்டார் என்று கணக்குப் போட்டேன். அவரோ சிரித்த முகமாக வந்து நின்றார்.

"இதை முன்னமே காட்டியிருக்கக்கூடாதுங்களா மேடம்? இதுல யாருமே சாவறதில்ல. சதவீதம்தான் ஏறுது, எறங்குது. பேரு வெச்சாத்தானுங்க வில்லங்கமே."

அதன்பிறகு ஒரு கதை, ஒரு ஆய்வு என்று ஜோடி போட்டு எடுத்துப் போனார். திருப்பித் தரும்போது கருத்துச் சொல்வார். ஆனால் அது அவர் கருத்தாக இருக்காது. "கிராமத்துல பொம்பளைங்க கடைசியாத்தான் சாப்புடறாங்கன்னு இதுல எழுதியிருக்குது. 'எழுதினவரு வந்தா சோறு போட்டுட்டுக் கேளுங்க, அவரு வூட்ல யாரு கடைசின்னு'ங்கறா எங்க வூட்ல." இப்படித்தான் அவர் மனைவி ராஜாத்தி அம்மாவைப் பற்றித் தெரிந்தது. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து படுக்கையில் இருந்தார். இவர் சாயங்காலமானால் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். இத்தனை விசாரணையும் அந்தம்மாவுக்காகத்தான்.

நான் பஸ் ஏறும் இடம் அவர் தெருமுனையில். ஒருநாள் புதிதாக வந்த புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று நுழைந்தேன். கட்டிலில் ராஜாத்தி அம்மா சாய்ந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் அசையாது, மறுபக்கம் சிரிக்கும். இவர் முக்காலியில் உட்கார்ந்து சரித்திர நாவல் ஒன்றை உரத்துப் படித்துக்கொண்டிருந்தார். நல்லவேளையாக அது நான் படித்த கதை. அடுத்த பக்கத்தில் தளபதியின் மார்பில் வேல் பாயும். இன்சூரன்ஸ் தாளின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு விரலில் எச்சில் தொட்டார். ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினார். இருமினார்.

"அப்பறம் அந்தத் தளபதி வேலை தேடிப் பெங்களூருக்குப் போயிட்டாரு."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"குதிரையிலயா?" என்று கேட்டார் ராஜாத்தி அம்மா, குழறலாக.

"ஆமா. கூட்டமில்லாத நேரமாப் பாத்து."

"சம்பளம் எவ்ளோவாம்?"

"அதெல்லாம் போடல."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூரில்தான் இருக்கிறார். கட்டட வேலை, கம்பெனி வேலை, கார் ஓட்டும் வேலை. அதனால் கதையில் சாகிறவர்களை எல்லாம் அவர் அங்கேயே அனுப்பிவைத்திருக்கிறார். தூக்குத் தண்டனைக் கைதி போனான். காசநோய்க்காரி போனாள். தொண்ணூறு வயதில் அந்தப் பெரியம்மாவும் போயிருக்கிறார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவரிடம், "ஏங்க, ஒருத்தரையாவது சேலத்துக்கு அனுப்பக்கூடாதா?" என்றேன் சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

"எங்க பையன் குமரேசன் பெங்களூருலதான் வேலை பாத்தான் மேடம். பைக்குல ஊருக்கு வரும்போது லாரியில மாட்டிக்கிட்டான். போன் எனக்குத்தான் வந்துது. அவ அடுப்பாண்ட நின்னுட்டிருந்தா. 'நம்ம பையன் செத்துட்டான்டி'ன்னு போயி அப்பிடியே சொல்லிட்டேன். வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. நின்ன எடத்துலயே வுழுந்தவதான். கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லியிருந்தா இன்னைக்கு நடமாடிட்டு இருப்பாளுங்க. இன்னொரு தரம் என் வாயில இருந்து அந்த வார்த்தை அவ காதுல வுழக்கூடாது. வுழுந்தா இருக்கற உசுரும் போயிரும்."

தெருமுனையில் பஸ் வந்து, நின்று, என்னை விட்டுவிட்டே போனது.

மறுநாள் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்சூரன்ஸ் என்ற பெயர் போகவில்லை. ஆனால் அவர் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் பின்மேசையிலிருந்து குரல் வர ஆரம்பித்தது: "அது வேணாங்க சார், அண்ணன் காலி." "இத எடுத்துக்கோங்க சார், நாய்க்குட்டிக்குக்கூட ஒண்ணும் ஆகல."

அப்போதுதான் ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போகிறவர்களைப் பற்றி ஒரு ஆய்வு நூல் வந்தது. புரட்டிப் பார்த்தேன். வரைபடம், சதவீதம், ஆபத்தில்லை. அவரிடம் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் நான் எட்டிப் பார்த்தபோது அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். மழை குறைந்த வட்டாரங்களிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பெங்களூருக்குப் போவதைப் பற்றிய இடம்.

"ஏங்க," என்றார் ராஜாத்தி அம்மா. "அந்தக் கணக்குல தளபதியச் சேத்தாங்களா?"

"எந்தத் தளபதி?"

"நீங்க குதிரையில அனுப்பி வெச்சீங்களே. அப்பறம் அந்தப் பெரியம்மா. கல்யாணத்துக்கு மொத நாள் வேலைக்குப் போன பொண்ணு. நீங்க அனுப்பினவங்களே பாதிப் பெங்களூரு இருப்பாங்க போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்சூரன்ஸின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. புத்தகம் அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

அந்தம்மாவுக்கு நீளமாகப் பேச வராது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ரெண்டு தாளைச் சேத்துத் திருப்புவீங்க. இருமுவீங்க. யாரோ போயிட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிரும். உங்களால சொல்ல முடியலியேன்னுதான் நானும் சம்பளம் கேட்டுட்டுக் கெடந்தேன்."

"ராஜாத்தி..."

"நீங்க சொன்னதால நான் வுழுவல. பிரஷர் மாத்திரை தீந்து போயி நாலு நாளாப் போடல. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

அது நடந்ததா, அவருக்காக அந்த நிமிஷம் கட்டிய கதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த அலமாரியில் வைப்பதென்றும் தெரியவில்லை.

"குமரேசன் பெங்களூருல இல்லீங்க. செத்துட்டான். உங்க வாயால இன்னொருக்காச் சொல்லுங்க. நான் ஏற்கெனவே படுத்துத்தான் கெடக்கறேன், இனி எங்க வுழப்போறேன்? ரெண்டு பேரும் சேந்து அழலாம். நாம இன்னும் அழவே இல்லீங்க."

அவர் முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருவில் கொஞ்ச தூரம் போனபிறகு அவர் குரல் கேட்டது. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

அடுத்த முறை நூலகத்துக்கு வந்தவர் எடை பார்க்கவில்லை, விசாரிக்கவில்லை. "எதுன்னாலும் குடுங்க மேடம். செத்தா அழுதுக்கறோம்" என்றார். அப்படியே அழுதார்கள். வேல் பாய்ந்த தளபதிக்குத் திரும்பப் படித்து அழுதார்கள். மாடிப்படிக் கிழவிக்கு அழுதார்கள். மறுநாள் என்னிடம் வந்து, "நேத்து நல்லா அழுதோம் மேடம்" என்பார், கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவர்போலத் திருப்தியாக. யாருக்காக அழுகிறார்கள் என்று எனக்கும் தெரியும், பின்மேசைக்கும் தெரியும். ஒருநாள் அவர் புத்தகத்தைத் திறக்கும்போதே குமரேசன் சின்ன வயதில் கீழே விழுந்து பல் உடைத்துக்கொண்ட கதை வந்துவிட்டதாம். அன்றைக்குப் படிக்கவே இல்லையாம், பேசிக்கொண்டே இருந்தார்களாம்.

மாம்பழக் காலம் முடிகிற சமயம். கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். ஒரு காலையில் கையில் புத்தகத்தோடு வந்து என் மேசைமுன் நின்றார். மொட்டை போட்டிருந்தார்.

"ராஜாத்தி செத்துட்டா மேடம்."

சுற்றி வளைக்கவில்லை, இருமவில்லை. பின்மேசையில் பேனாக்கள் நின்றன. அவர் அந்த நாவலை உள்ளங்கையில் வைத்து, பழைய பழக்கத்தில் ஒருமுறை ஏற்றி இறக்கினார்.

"பாதிதான் ஆச்சுங்க. மீதி அவளுக்குத் தெரியாது. புதுப்பிச்சுக் குடுங்க, முடிச்சிட்டுத் தரேன்."

முத்திரை குத்திக் கொடுத்தேன். தேதி சரியாக விழுந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

இப்போதும் வருகிறார். எதையும் கேட்பதில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போய், தனியாக, வாய்விட்டுத்தான் படிக்கிறாராம். செத்தால் அழுதுகொள்ளும் தைரியம் அவருக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் அது வரவில்லை. புதிதாக வரும் கதைப் புத்தகங்களை இப்போதெல்லாம் நான் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கடைசிவரை படித்துவிடுகிறேன். பெண்டாட்டி சாகிற கதையாக இருந்தால் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். அங்கே அவருக்குக் கை எட்டாது.