அண்டாவின் அடியில் ஒரு விலாசம்

உலகத்தையே தன் கடைக்குள் கூட்டி வந்துவிடுவது என்று உத்திராபதி முடிவெடுத்த நாளில் கடைக்குள் ஈ, காக்கை இல்லை. ஆடி மாதம். பெரம்பலூர் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கு ஆடியும் மார்கழியும் ஒன்றுதான். கல்யாணம் கிடையாது, சீர் கிடையாது. அடுக்கி வைத்த எவர்சில்வர் குடங்களில் தன் முகமே கோணல் கோணலாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ரஞ்சித்குமார்தான் ஆசையைக் கிளப்பிவிட்டான்.

“அண்ணே, கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுடுங்க. அமெரிக்காக்காரன்கூட பாப்பான்.”

“அமெரிக்காக்காரனுக்கு எதுக்குடா அண்டா?”

“அவன் மட்டும் குளிக்க மாட்டானாண்ணே?”

உத்திராபதிக்கு அது நியாயமாகப் பட்டது. உடனே படம் எடுத்தார்கள். பெரிய அண்டா ஒன்றுக்குப் பக்கத்தில், தேர்தலில் நிற்பவர் மாதிரி கும்பிட்டபடி நின்றார். உத்திராபதி பாத்திரம் டாட் காம் பிறந்தது.

“பாக்குறவங்க பேசணும்னா போன் நம்பர் வேணுமேண்ணே. கடை நம்பரைப் போடட்டுமா?” என்றான் ரஞ்சித்குமார்.

“வேணாம், வேணாம். கண்டவனும் கூப்புட்டுக்கிட்டே இருந்தா யாவாரத்தை எப்ப பாக்குறது? வூட்டு நம்பரைப் போடு. தனம் சும்மாதானே இருக்கா.”

இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் சொல்வதில்தான் மனிதன் அகப்பட்டுக்கொள்கிறான். அது தெரிய அவருக்குத் தை பிறக்க வேண்டியிருந்தது.

தனம் அவர் மனைவி. ஒரே மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனதிலிருந்து வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது அவளுக்கு. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள். மூடின கதவு மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். சமைத்தால் பாதி மிஞ்சியது. ஒரு நாள் சோறு போடும்போது கேட்டேவிட்டாள்.

“ஏங்க, நான் கடைக்கு வந்து கல்லாவுல உக்காரட்டுமா?”

உத்திராபதி சிரித்தார். “கல்லான்னா என்னன்னு நெனச்ச? அது ஆளைப் படிக்கிற வேலை புள்ள.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்களைத்தானே படிச்சிக்கிட்டு இருக்கேன்?”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். கல்லாவில் இருப்பது அப்பா காலத்து நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் ஊர் அவரை மொதலாளி என்றது. எழுந்துவிட்டால் வெறும் உத்திராபதி. அந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியுமா? அதனால் பேச்சை வெப்சைட்டுக்குத் திருப்பினார்.

“இனிமே கடைக்கு நெட்டுலேர்ந்து ஆளு வரும். உனக்கு அதெல்லாம் புரியாது.”

“வருமா?”

“வரிசையில நிக்கும்.”

“அப்ப ஒரு பேச்சு. பொங்கலுக்குள்ள ஒரே ஒருத்தர், நம்ம கடை வாசப்படி ஏறி, ‘வெப்சைட் பாத்துட்டு வந்தேன்’னு சொல்லட்டும். கல்லா பேச்சையே நான் எடுக்க மாட்டேன். யாரும் சொல்லலைன்னா, தையிலேர்ந்து கல்லாவுல நான்.”

“ஒருத்தரா? பஸ் புடிச்சி வருவாங்க பாரு,” என்று மீசையைத் தடவியபடி ஒத்துக்கொண்டார்.

தினமும் காலையில் மாடி ஏறிப் போய்த் தன் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே ஓர் எண் ஓடும். அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

“பாத்தியாடா, இன்னிக்கும் கூடியிருக்கு!”

ரஞ்சித்குமார் தலையைச் சொறிந்தான். “அண்ணே, அது நீங்கதாண்ணே. நீங்க பாக்குறதைத்தான் அது எண்ணுது.”

கண்ணாடியைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டவர் போல இறங்கி வந்தார்.

“கடை தொறந்தா மட்டும் போதுமாண்ணே? தெருவுக்குத் தெரிய வேணாமா? விளம்பரம் பண்ணுங்க,” என்றான் அவன். ஆனால் செலவு என்றாலே உத்திராபதிக்கு ஆகாது. செலவில்லாத வழியாக யோசித்தார்.

முதலில், பிரவுசிங் சென்டரில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் தன் வெப்சைட்தான் முதலில் வர வேண்டும் என்று ரஞ்சித்குமாரைச் சம்மதிக்க வைத்தார். பரீட்சை முடிவு பார்க்க நடுங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு முன்னால் அண்டாவும் உத்திராபதியும் கும்பிட்டபடி தோன்றினார்கள். ஃபெயிலான ஒருத்தன் அப்பா கீழே இறங்கி வந்து, “உன் மூஞ்சியில முழிச்சதுதான்யா காரணம்” என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்த வழி அன்றோடு அடைபட்டது.

அடுத்து, துண்டுச் சீட்டில் விலாசத்தை அடித்துக்கொண்டு அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார். சென்னைக்குப் போகிறவர்கள் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஜன்னல் ஜன்னலாக நீட்டினார். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ரயில் புறப்பட்டபோது பிளாட்பாரம் முழுக்க வேர்க்கடலைத் தோலும் அவர் வெப்சைட்டும் சேர்ந்தே பறந்தன.

வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபடியே வந்தார். சிமெண்டு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு பேர் மனுஷர் மனதில் நிற்க என்ன வேண்டும்? காகிதம் கிழிகிறது. சுவரில் எழுதினால் வெள்ளையடித்துவிடுகிறார்கள். எது அழியாமல் இருக்கும்?

சட்டென்று நிமிர்ந்தார். தன் கடையிலேயே இருக்கிறதே! பாத்திரத்தில் வெட்டுகிற பேர்!

எந்தக் கல்யாணத்துக்கு எவர்சில்வர் வாங்கினாலும், கொடுப்பவர் பேரைப் பாத்திரத்தில் வெட்டித் தருவது வழக்கம். மெஷினை வைத்துக்கொண்டு கொளஞ்சி என்ற பெரியவர் கடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மெஷின் ர்ர்ர் என்று கத்தும். கொடுத்தவர் செத்த பிறகும் சொம்பில் அவர் பேர் பளபளக்கும். அதற்குக் கீழே வெப்சைட்டையும் வெட்டிவிட்டால்?

“எல்லாப் பாத்திரத்துலயும் வெட்டுங்க கொளஞ்சி.”

“மொதலாளி, சொம்புக்கு இடம் பத்தும். கரண்டியில மூணு டபிள்யூதான் நிக்குது.”

“நிக்கிற மட்டும் வெட்டுங்க.”

ஐப்பசியில் முகூர்த்தம் தொடங்கியது. பாத்திரங்கள் போயின. உத்திராபதி காத்திருந்தார். வெப்சைட் பார்த்து யாரும் வரவில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து பழைய வாடிக்கைக்காரர் சாமிக்கண்ணுதான் வந்தார், தோளில் ஓர் அண்டாவோடு. அதைக் கல்லா மேல் டமார் என்று வைத்தார்.

“ஏம்ப்பா உத்திராபதி, தங்கச்சி மவளுக்குத் தாய்மாமன் எத்தனை பேரு?”

“நீங்க ஒருத்தர்தானே?”

“சபையில மைக்கு புடிச்சிக்கிட்டு சீர் சொல்றான். ‘இந்த அண்டா குடுத்தது தாய்மாமன் விக்கிரமங்கலம் சாமிக்கண்ணு, மற்றும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உத்திராபதி’ங்கிறான். சம்பந்தி வூட்டுக்காரங்க கேக்குறாங்க, யாரு அந்த இன்னொரு மாமன், ஏன் பந்திக்கு வரலைன்னு. நான் குடுத்த அண்டாவுல நீ எதுக்குய்யா மொய் வெக்கிற?”

உத்திராபதி புது அண்டா கொடுத்து அவரை அனுப்பினார். ஆனால் விஷயம் ஊருக்கு ஊர் பரவிவிட்டது. குரும்பலூரிலிருந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்று, “உங்க பேரு இல்லாத பாத்திரம் இருந்தா காட்டுங்க” என்றார்கள்.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. தனம் முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

“மேல வெட்டுறதாலதானே சண்டை? அடியில வெட்டச் சொல்லுங்க.”

“அடியிலயா? பாத்திரத்தோட அடியை யாரு புள்ள பாப்பா?”

“யாரும் பாக்க மாட்டாங்க. யாருக்கும் கோவமும் வராது,” என்று சொல்லிவிட்டு, ரசத்தை ஊற்றினாள்.

யாரும் பார்க்காத விளம்பரம் எதற்கு என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் அந்த ஆசையை முழுசாக விட மனசில்லை. அடியில் வெட்டச் சொன்னார். கொளஞ்சியும் பாத்திரங்களைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வெட்டினார்.

மார்கழி பிறந்தது. பாத்திரக்கடைகள் தூங்கும் மாதம். உத்திராபதியும் தூங்கத் தயாரானார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஜுலைகா என்ற அம்மாள் முன்னால் இறங்க, பின்னாலேயே நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். நோன்பு முடிந்து அவர்கள் பக்கம் கல்யாணங்கள் நடக்கிற நேரம்.

“அண்ணே, அந்த ரெண்டாவது தட்டுல இருக்கே, பிரியாணி ஆக்குற பெரிய தேக்சா, அதை எடுங்க,” என்றார் ஜுலைகா, கடைக்குள் நுழைந்ததுமே. பிறந்ததிலிருந்து இந்தக் கடையிலேயே வளர்ந்தவர் போல.

உத்திராபதி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “அம்மா, நம்ம கடை எப்புடித் தெரியும்? வெப்சைட் பாத்துட்டு வர்றீங்களா?”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முக்காட்டுக்குள் ஏதோ சிரிப்பு ஓடியது.

“சைட்டா? அதெல்லாம் எங்களுக்கு என்னங்க தெரியும்? நல்ல கடைன்னு சொன்னாங்க, வந்தோம்.”

“யாரு சொன்னாங்க?”

“ஒரு அக்கா.”

இரண்டு நாளில் இன்னொரு வேன். பிறகு ஒரு ஜீப். எல்லோருக்கும் என்ன வேண்டும் என்பது முன்னமே தெரிந்திருந்தது. எல்லோரையும் அவர் கேட்டார். எல்லோரும் ஓர் அக்காவைச் சொன்னார்கள். வியாபாரம் கொழித்தது. ஆனால் அவர் முகம் வாடியது. வந்தவர்களுக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுக்கையில் கிட்டத்தட்டக் கெஞ்சினார். “நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. வூட்டுல யாராச்சும் கம்ப்யூட்டர் பாத்திருப்பாங்க...” அவர்கள் கொளஞ்சியிடம் பேர் வெட்ட வரிசையில் நின்றார்களே தவிர, வாய் திறக்கவில்லை. வெட்டுக்கூலியும் கொடுக்கவில்லை. கேட்டால், “மார்கழிக்கு மட்டும் இலவசம்னு நம்ம வூட்டம்மா சொல்லியிருக்காங்க மொதலாளி” என்றார் கொளஞ்சி. மார்கழியில் வந்த வாடிக்கையாளரைக் கோபித்துக்கொள்ள உத்திராபதிக்கு மனசில்லை.

போகியன்று பழைய பாயோடு தன் கௌரவத்தையும் எரித்தார்.

“வரலை புள்ள. ஒருத்தர்கூட வரலை. ஊரு இன்னும் அந்த அளவுக்கு வளரலை.”

“விடுங்க. வர்ற நேரத்துல வரும்,” என்றாள் தனம். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எவ்வளவு நல்லவள்! ஜெயித்தவள் குத்திக் காட்டவில்லையே! அப்பா நாற்காலியின் தூசியை அவரே துடைத்துக் கொடுத்தார்.

பொங்கல் கழிந்து கடை திறந்த அன்று, தனம் புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் வாரம் தான் தனியாக இருந்து பழகிக்கொள்கிறேன் என்றாள். உத்திராபதி வீட்டில் இருந்தார். பகல் நேரத்தில் அந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை. அது எவ்வளவு நீளமாக இருந்தது! கடிகாரம் ஓடுவது கேட்டது. மூடின கதவு மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தார். மூன்றாவது தடவை பாதி வழியில் நின்றுவிட்டார். இவள் இத்தனை நாள் இதற்குள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று முதல் தடவையாக நினைத்தார்.

அப்போது போன் அடித்தது. தூரத்திலிருந்து வருகிற குரல். துபாயிலிருந்து யாரோ.

“தனம் அக்கா வூடுங்களா?”

“அக்கா கடைக்குப் போயிருக்காங்க. நீங்க யாரு?”

“லப்பைக்குடிக்காடுங்க. தங்கச்சி நிக்காஹுக்குப் பாத்திரம் சொல்லணும். உங்க வெப்சைட்ல இந்த நம்பரைப் பாத்தேன்.”

உத்திராபதி எழுந்து நின்றுவிட்டார். “வெப்சைட்லயா! எப்புடிப்பா பாத்தே?”

“எங்க வூட்டுக்காரி பாத்திரம் தேய்க்கறப்ப, அடியில இங்கிலீசுல என்னமோ இருக்குன்னு போன்ல எழுத்து எழுத்தா வாசிச்சா. இங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல தட்டுனேன். அண்டா வந்துச்சு. எங்க ரூம்ல இருக்குற எல்லாரும் அப்புடித்தாங்க கண்டுபுடிச்சோம். அக்காதான் எந்தத் தட்டுல என்ன இருக்குன்னு வெவரமா சொல்லுவாங்க.”

“அடப்பாவிங்களா! அதைக் கடையில வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“பொங்கல் வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாங்களே. சொல்லாம இருந்தா பேர் வெட்டுக்கூலி இலவசம்னாங்க.”

பாத்திரத்தின் அடியை யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்டதும், அவள் ரசம் ஊற்றியதும் உத்திராபதிக்கு நினைவு வந்தது. மெல்ல உட்கார்ந்தார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, “சரி, என்ன வேணும்னு எங்கிட்டயே சொல்லு. நான் யாருன்னு தெரியும்ல?” என்றார்.

“தெரியாம என்னங்க? இன்னிலேர்ந்து போனை எடுக்க வூட்டுல ஒருத்தர் சும்மாதான் இருப்பாருன்னு அக்கா சொன்னாங்களே!”