மகள் குடிக்க வேண்டிய பால்

கைக்குழந்தை உள்ள வீட்டில் தகப்பனைப் போல் உபயோகமற்ற பொருள் வேறு கிடையாது. வெந்நீர் போடச் சொன்னால் போடுவான், எதற்கென்று தெரியாது. சைகோனில் தகப்பனான நான் அதற்கும் ஒரு படி கீழே போனவன்.

காரைக்காலிலிருந்து போய் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மும்தாஜ் பிறந்த கொஞ்ச நாளில் மனைவி ரஹீமாவுக்கு டைபாய்டு வந்தது. தாய்ப்பால் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டப்பா பால் கொடுத்தோம். குடித்த வேகத்தில் குழந்தை அதைத் திருப்பிக் கொடுத்தது. டப்பாவை மாற்றிப் பார்த்தோம், வாந்தி மாறவில்லை. குழந்தையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ("அப்படியே அத்தா ஜாடை" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். நல்ல நேரம் பார்த்தார்கள்.)

அப்போது கை கொடுத்தவள் மதலேன். பாண்டிச்சேரிக்காரி. புருஷனுக்குக் கான் ஹொய் துறைமுகத்தில் வேலை, வீடும் அங்கேதான், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவளுக்கும் கைக்குழந்தை, பையன். விஷயம் கேள்விப்பட்டு அவளே ஆள் அனுப்பினாள்: "ஃப்ளாஸ்க் எடுத்துனு வாங்க பாய். எனக்கு ரெண்டு புள்ளைக்குப் பால் கீது."

குழந்தையை வெயிலில் தூக்கிப் போகக் கூடாது. அவனையும் மூத்த பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவளாலும் தினம் வர முடியாது. ஆகவே பால் என்னோடு சைக்கிளில் வந்தது. மும்தாஜ் அதைக் குடித்தாள். திருப்பித் தரவில்லை. நான் ஏதோ நானே சுரந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த நிமிர்வு நிலைக்கவில்லை. ஆட்சி அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் மத்தியானம் பாலோடு திரும்பினால், பாலத்தின் மேல் மணல் மூட்டை, முள்கம்பி, துப்பாக்கிகள், நீண்ட வரிசை. என் முறை வந்தது. ஒரு சிப்பாய் ஃப்ளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்து, "என்ன இது?" என்றான்.

வியட்நாம் மொழியில் பாலுக்கும் குரைப்பதற்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். உதட்டைக் குவிக்காமல் சொன்னால் பால்; குவித்தால் குரைப்பு. (நம் குற்றியலுகரம் மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் அதையும் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை.) பயத்தில் நன்றாகவே குவித்துவிட்டேன்.

"ஐயா, இது ஒரு அம்மா குரைத்தது. என் குழந்தைக்காகக் குரைத்தது" என்றேன்.

சிப்பாய் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டான். நான் பதறிப்போய் சைகையில் இறங்கினேன். இரண்டு கையாலும் குழந்தையை ஆட்டிக் காட்டினேன். புரியவில்லை. என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினான்.

"குடி."

தலையாட்டி மறுத்தேன். திராவகம் என்றே முடிவு செய்துவிட்டான் போல. துப்பாக்கி என் வயிற்றுக்கு நேராக வந்தது.

குடித்தேன். இளஞ்சூடு, லேசான இனிப்பு. ஆற்றில் குதித்துவிடலாமா என்று இருந்தது. அதற்குள் கூடைக்காரி ஒருத்திக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, அது தாய்ப்பால்டா!" என்று கத்தினாள். பாலமே சிரித்தது. சிப்பாய் முகம் சிவந்து, தொடக்கூடாததைத் தொட்டவன் போல ஃப்ளாஸ்கை அவசரமாக என்னிடம் தள்ளினான். நான் பிடிப்பதற்குள் அது கீழே விழுந்தது.

எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கண்ணாடிச் சில்லுகள் கலகலத்தன.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாலத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன். காலையிலிருந்து என் பிள்ளை வயிற்றில் ஒன்றுமில்லை. அந்தப் பாலில் உள்ளே போனது ஒரே ஒரு வாய். அதுவும் என் வயிற்றில்.

மதலேன் வீட்டுக்குத் திரும்பினேன். அவள் பையன் அப்போதுதான் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தான். ஒரு சொட்டு இல்லை. உடைந்த ஃப்ளாஸ்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ அழுதா எனக்குப் பால் ஊறுமா பாய்? உக்காரு. நா சோறு துன்னுட்டு வரேன்."

மீன் குழம்பு ஊற்றி, சட்டி காலியாகும்வரை சாப்பிட்டாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். சிக்லோ ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து ஏறினாள். நான் சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்தில் அந்தச் சிப்பாய் அவளைக் கும்பிடாத குறையாக வழிவிட்டான். என்னைப் பார்த்ததும் மெல்லிய குரலில் குரைத்தான்.

வீட்டில் சத்தமே இல்லை. ரஹீமா ஜுரத்தோடு எழுந்து சுவரில் சாய்ந்திருந்தாள்.

"மச்சான், புள்ள அழுவுறத நிறுத்திட்டா" என்றாள்.

மதலேன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் முதுகு காட்டி நின்றேன். மும்தாஜுக்குச் சப்பத் தெம்பில்லை. "வாயத் தொற கண்ணு, தொற" என்று மதலேன் கெஞ்சுவது கேட்டது. சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சி விட்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, விழுங்கும் சத்தம். கூடவே ரஹீமா விம்மும் சத்தம். தன் பிள்ளை இன்னொருத்தியிடம் குடிப்பதைப் பார்த்து அழுதாளா, குடித்துவிட்டதே என்று அழுதாளா, நான் கேட்டதில்லை.

ரஹீமா தேறும்வரை மதலேன் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தினமும் சிக்லோவில் வந்தாள். ஃப்ளாஸ்க் எப்படி உடைந்தது என்று அவளும் ரஹீமாவும் துருவித் துருவிக் கேட்டதில் ஒரு நாள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எங்கள் மார்க்கத்தில், ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளை. அவள் பெற்றதெல்லாம் அதற்குக் கூடப்பிறந்தது. நானும் ஒரு வாய் குடித்தவன் ஆயிற்றே என்று பயந்துபோய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினேன். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "புள்ளைக்குத்தான் அந்த உறவு. மீசை வச்சவனுக்குக் கெடையாது தம்பி, போங்க."

அந்தத் தீர்ப்பை வீட்டில் யாரும் ஏற்கவில்லை. என்னைவிட வயதில் சின்னவளான மதலேன், அதுவரை "வாங்க பாய்" என்றவள், "வாடா மகனே, துன்னியா?" என்று கேட்கத் தொடங்கினாள். ரஹீமா அவளை "மாமி" என்றாள். மும்தாஜ் பேசக் கற்ற பிறகு, கோபம் வந்தால் என்னை "அண்ணே" என்பாள். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் அல்லவா.

இப்போது மும்தாஜுக்கு ஒரு மகன். தாயின் அண்ணனை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவள் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஊரில் எல்லாப் பேரன்களும் தாத்தாவைத் தாத்தா என்கிறார்கள். என் பேரன் என்னை "மாமா" என்கிறான்.