அறுபது பங்கு சாம்பல்

சுற்றுச்சூழலைக் காக்கும் உன்னத நோக்கோடு, எங்கள் அலுவலகக் குழந்தைகள் காப்பகத்தின் கூரையில் சிமெண்டைக் குறைத்து, நூற்றுக்கு இருபது பங்கு அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ப்பதெனத் தீர்மானமாயிற்று. நல்ல தீர்மானம்தான். இருபது பங்கில் சோதனைக் கட்டி வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தவள் நான். அசையாமல் நின்றது.

கோப்பு மேலே போனது. கீழே இருப்பவரைவிடப் பத்துப் பங்காவது கூட்டிப் போடாவிட்டால் அதிகாரிக்கு அக்கறை இல்லை என்றாகிவிடுமே. நாலு மேசை தாண்டி அறுபதாகத் திரும்பி வந்தது.

அறுபதையும் அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கூரை எழும்பியதும் அதற்குக் கீழே தூங்கப்போவது என் பதினோரு மாத மகள். அலுவலகப் பெரியவரின் அறைக்கு ஓடினேன்.

"சார், அறுபது உடையுது."

"எப்ப உடைஞ்சுது?"

"அழுத்தினப்ப, சார்."

"எதுக்கும்மா அழுத்தின?"

"அதுதான் சார் என் வேலை."

"கூரையை யாராவது அழுத்தப் போறாங்களா? அது பாட்டுக்கு மேல இருக்கப்போகுது. அந்த மெஷினுக்கு எவ்வளவு கரண்ட் ஆகுது தெரியுமா? பசுமைத் திட்டத்துல இப்படியா வீணாக்கறது?"

மின்சிக்கன நடவடிக்கையாக இயந்திரத்துக்கு உறை மாட்டினார்கள். சான்றிதழ் மட்டும் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு வருடக் கான்வென்ட் படிப்பில் எனக்கு ஒட்டியவை இரண்டுதான்: எதிர்த்துப் பேசாதே, கோணலாக எழுதாதே. 'உறுதியானது' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழாவில் அதிகாரிகள் கூரையை வெகுவாகப் புகழ்ந்தார்கள், எதிரே மரத்தடியில் நின்றபடி.

காப்பகம் தொடங்கிய திங்கட்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எழுதினேன். எழுதும்போதே அவள் பேனாவைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பார்த்தால், தட்டச்சு அக்காவின் பையனுக்கும் காய்ச்சல், பெரியவரின் பேத்திக்கும் காய்ச்சல்.

"என்னக்கா, எல்லாருக்கும் ஒரே நாள்லயா?"

"நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்கே பரவ ஆரம்பிச்சிடுச்சுடி."

ஒரு மாதம் ஆகியும் ஒரு குழந்தைக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. கட்டடம் காலியாகக் கிடப்பது வளங்களை வீணாக்குவதாகும் என்று ஆணை வந்தது. அதன் உறுதியை நன்கறிந்த பிரிவுக்கே அதை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது சோதனைக்கூடம் அங்கேதான். மூலையில் உறை மாட்டிய இயந்திரம், நடுவில் என் மேசை, மேசைக்கு அடியில் நான். குனிந்தே எழுதினாலும் எழுத்து கோணவில்லை.